ஃப்ரீஸருக்குக் கத்திக் குத்து!

ஐஸ் ட்ரேயை இழுத்தால் வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தால் ஃப்ரிட்ஜே நம்மோடு கிளம்பி வருகிறது! அடுத்து என்ன? சமையலறைக் கத்தியோடு ஃப்ரீஸருக்குள் இறங்கிவிடுகிறார் குடும்பத் தலைவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்கள் உயிரை விட்டது இந்தக் கட்டத்தில்தான்.

காரணம், ஃப்ரீஸர் சுவரிலேயே கேஸ் ஓடுகிற குழாய்கள் இருக்கின்றன. மெல்லிய அலுமினியம். ஒரு குத்து... 'புஸ்ஸ்' என்று சத்தம்... அவ்வளவுதான்! முன்பெல்லாம் பணத்தோடு போயிற்று. இப்போது வரும் பல மாடல்களில் இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐஸோபியூட்டேன். சமையல் கேஸுக்குப் பங்காளி. தீப்பிடிக்கும்! உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான். ஆனாலும் 'புஸ்' கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மெக்கானிக்குக்கு அப்புறம் போன் பண்ணலாம்.

ஐஸைப் போக்க, தெர்மோஸ்டாட் குமிழின் நடுவிலிருக்கும் பட்டனை அமுக்கினாலே போதும். பட்டன் இல்லையா? ஸ்விட்சை அணைத்துக் கதவைத் திறந்து போடுங்கள். ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். கால் அங்குலம் சேர்ந்ததுமே செய்வது நல்லது. இமயமலை வளரும்வரை விட்டுவைப்பானேன்?

ஐஸ் அசுர வேகத்தில் வளர்கிறதென்றால் கதவில் ஒட்டியிருக்கும் ரப்பர் காஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தொய்ந்துவிட்டது. வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய் ஐஸாகிறது. முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு ரப்பரில் இல்லை, அதில் அப்பியிருக்கும் தோசை மாவில்!

இரட்டைக் கதவுக்காரர்களின் புலம்பல் வேறு. மேலே ஐஸ்க்ரீம் கல்லாக இருக்கும். கீழே பால் திரிந்திருக்கும். "கேஸ் தீர்ந்துபோச்சு ஸார்" என்று யாராவது சொன்னால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர? ஓட்டை விழுந்தால்தான் போகும். மேலே உறைகிறதென்றால் குளிர் உற்பத்தியாகிறது. கீழே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். காற்று வரும் துவாரத்தைப் பட்டாணி பாக்கெட் அடைத்திருக்கலாம். ஃபேன் நின்றிருக்கலாம். ஒரு ராத்திரி முழுக்க அணைத்துத் திறந்து வைத்துவிட்டுப் போட்டதும் சரியாகி, சில நாளில் மறுபடி அதே கதையென்றால் பெரும்பாலும் ஐஸை உருக்கும் ஹீட்டரோ, அதன் ஸென்ஸரோதான் குற்றவாளி.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல ஏரியாக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஊரிலிருந்து திரும்பியவர்கள் ஃப்ரீஸரைத் திறந்தால் மீன் கல் மாதிரி இருக்கும். நடுவில் உருகிக் கெட்டு, மறுபடி உறைந்ததா? எப்படித் தெரியும்?

வெளியூர் கிளம்பும்முன் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால், வஞ்சிரம் என்ன விலை விற்றாலும் சரி, நேரே குப்பைத் தொட்டிக்கு!