"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" - பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?



நம்ம பிள்ளைகள் சண்டை போடும்போது கவனித்திருப்பீர்கள். "போடா, கீழ்ப்பாக்கம்!", "உன்னை ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்" என்று ஏசிக்கொள்வார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் நாம் பேசுவதைக் கேட்டுப் பழகியதுதான்.

கீழ்ப்பாக்கம் என்ன இடம்? சென்னையில் 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை இன்று இருக்கும் இடம். அங்கே வைத்தியம் பார்த்துக் குணமாகி வீடு திரும்பியவர்கள் ஏராளம். ஏர்வாடி, நமக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநோய் என்று கொண்டுவந்து விட்டவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் உயிர் போனது. அவர்களும் யாரோ ஒரு பிள்ளைக்கு அம்மா, அப்பா, சித்தப்பா. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் நாம் கேலிப் பேச்சாக ஆக்கிவிட்டோம். நாளைக்கு நம் வீட்டிலேயே ஒருவருக்கு மனசுக்கு முடியாமல் போனால், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தை அந்தக் கேலி ஒன்றுதான். அதனால்தான் பிள்ளைகளிடம் இதைப் பற்றி நாமே முதலில் பேச வேண்டும் என்கிறோம்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று நினைக்கிறோம். ஆனால் அம்மா சாப்பிடாமல் படுத்தே கிடப்பதும், அப்பா தனக்குத்தானே பேசுவதும், பெரியவர்கள் குசுகுசுவென்று பேசுவதும் பிள்ளைக்குத் தெரியும். காரணம் மட்டும் தெரியாது. தெரியாத இடத்தில் பிள்ளை தானே ஒரு காரணம் கட்டிக்கொள்ளும். "நான் சேட்டை பண்ணினேன், அதான் அம்மாவுக்கு இப்படி ஆயிடுச்சு" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளும். வெளியே சொல்லாது. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கும்.

எப்படிச் சொல்வது?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது பிரசவம் முடிந்த தாய். சில வாரமாகத் தூக்கம் இல்லை, ஓயாத அழுகை, கைக்குழந்தையைத் தூக்கவும் மனசில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு நோய் இது. ஆறு வயது மூத்த மகள் அப்பத்தாவிடம் கேட்கிறாள்:

"அப்பத்தா, அம்மா ஏன் என்கிட்ட பேசமாட்டேங்குது? எம்மேல கோவமா?"

"இல்ல தாயி. அம்மாவுக்கு மேலுக்கு முடியலைன்னா காய்ச்சல் வரும்ல? அதுமாதிரி இப்ப மனசுக்கு முடியல. அதான் அழுகையா வருது."

"நான் தம்பியைக் கிள்ளினேன், அதனாலயா?"

"உன்னால வரல கண்ணு. யாராலயும் வரல. இது ஒரு நோவு. டாக்டர்கிட்ட காட்டுறோம், மாத்திரை குடுக்கிறாங்க. சரியாகக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் உனக்குத் தலைசீவி விடுறது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் நான்."

இவ்வளவுதான். இதற்குள் ஒரு பிள்ளைக்குத் தேவையான எல்லாம் வந்துவிட்டது: இது நோய். உன் தப்பு இல்லை. வைத்தியம் இருக்கிறது. உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. "தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டால், "ஒட்டாது, அம்மா பக்கத்துல போய் உட்காரு" என்று சொல்லுங்கள்.

ஏழெட்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நோயின் பெயரையே சொல்லலாம். வெளியில் யாராவது கேலி செய்தால் என்ன பதில் சொல்வது என்றும் பழக்கிவிடுங்கள். "எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம்" என்றால் போதும். "பேய் பிடிச்சிருக்காமே?" என்று கேட்டால், "பேய் இல்லப்பா, மூளையில வர்ற நோய்" என்று சொல்லுங்கள். கோயிலில் வேண்டிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

வயசுப் பிள்ளைகளுக்கு வேறு பயம் இருக்கும். "எனக்கும் வருமா?" என்று கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். மனச்சிதைவு நோயை எடுத்துக்கொண்டால், பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரலாம். அம்மா அல்லது அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு வரலாம். மீதி 90 பேருக்கு வராது. "வந்தாலும் ஆரம்பத்திலேயே காட்டினால் நல்லபடியா இருக்கலாம்" என்று தைரியம் சொல்லுங்கள்.

இவற்றைச் சொல்ல வேண்டாம்

* "நீ அடம் பிடிச்சா அம்மாவுக்குத் திரும்ப வந்துரும்." இது பிள்ளை மேல் பெரிய பாரம்.
* "அப்பா ஊருக்குப் போயிருக்காரு." ஆஸ்பத்திரியில் இருந்தால் ஆஸ்பத்திரி என்றே சொல்லுங்கள்.
* "நாளைக்கே சரியாயிடும்." மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம்.
* "மாத்திரை போடுறாளான்னு நீ பாத்துக்க." அது பெரியவர்கள் பொறுப்பு. பிள்ளைக்கு விளையாட நேரம் வேண்டும்.

பிள்ளைக்கே மனசு சரியில்லை என்றால்?

மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடி நனைப்பது, பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி என்பது, சேர்ந்து விளையாடாமல் ஒதுங்குவது, தூக்கத்தில் அலறுவது - இவை வாரக்கணக்கில் நீடித்தால் "நடிக்கிறான்" என்று அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவரோ பிள்ளையோ, "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று சொன்னால் அதைச் சும்மா பேச்சு என்று விடக்கூடாது. தனியாக விடாமல், வீட்டில் உள்ள பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

எங்கே போவது?

சுந்தரபாண்டியம் பகுதிக்காரர்களுக்குத் திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு மருத்துவமனைகள் பக்கம். மனநல மருத்துவர் என்றைக்கு வருவார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒருநாள் கூலி வீணாகாது. மேல் சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் உள்ளன. போனிலேயே பேச வேண்டுமானால் 14416. 'டெலி மானஸ்' என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

குழுவில் என்ன செய்யலாம்?

ஒரு உறுப்பினர் தொடர்ந்து கூட்டத்துக்கு வரவில்லை, தவணையும் நிற்கிறது என்றால், நோட்டில் எழுதுவதற்கு முன்னால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மனசுக்கு முடியாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக ஒருவர், பிள்ளைகளுக்குச் சோறு போட ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பஸ் செலவுக்குக் குழு சேமிப்பிலிருந்து சின்னக் கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாம்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். "பைத்தியம்", "லூசு", "கீழ்ப்பாக்கம்" என்ற பேச்சு இனி நம்ம வீட்டில் வேண்டாம் என்று முடிவெடுங்கள். நாம் நிறுத்தினால் பிள்ளைகளும் நிறுத்துவார்கள்.