காருக்கு எண்ணெய் மாற்றுதல்: வீட்டு முன்றிலில் ஒரு பாடம்

இக்குளிர் நாட்டில் காரின்றி எமது வாழ்வு நகர்வதில்லை. வேலைக்குச் செல்வதும் காரிலே. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்து வருவதும் காரிலே. ஆயினும் அதன் பொனற்றைத் திறந்து உள்ளே பார்த்தோர் எம்மில் எத்தனை பேர்? இயந்திர எண்ணெயை மாற்றும் வேலை, வீட்டிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கத்தக்கது. எளிய வேலை எனினும் அசட்டையாகச் செய்யத்தக்க வேலை அன்று. பிழை நேரின் மனிதருக்கும் தீங்கு, இயந்திரத்துக்கும் தீங்கு, நாம் பருகும் நீருக்கும் தீங்கு. ஆகவே ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தோடு இங்கு விளக்க விழைகின்றோம்.

எண்ணெய் ஆற்றும் பணி

எமது பாட்டனார் காலத்தில் மாட்டுவண்டியின் அச்சுக்குக் கரிய மசகு இடுவார்கள். மசகு இடாத அச்சு கிறீச்சிடும், சூடேறும், தேயும். கார் இயந்திரத்துக்கும் விதி அதுவே. நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் முறை சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் உலோகத்துக்கும் இடையே நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் அகற்றுகின்றது. கரியையும் நுண்துகள்களையும் சுமந்து சென்று வடிகட்டியிடம் ஒப்படைக்கின்றது. எனவே எண்ணெய் கறுத்துவிட்டது என்பதனால் மட்டும் அது கெட்டுவிட்டது எனக் கொள்ளலாகாது. எனினும் அதில் கலந்துள்ள காப்புப் பொருள்கள் நாளடைவில் செலவழிந்து போகின்றன.

பனிக்காலத்தில் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் கார் குறைவாகவே உழைக்கின்றது என நாம் எண்ணுகின்றோம். உண்மை இதற்கு மாறானது. குறுந்தூர ஓட்டத்தில் எண்ணெய் போதிய அளவு சூடேறுவதில்லை. இயந்திரத்தினுள் படியும் நீரும் எரியாத பெற்றோலும் ஆவியாகாது எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. இத்தகைய காருக்கு எண்ணெயை முந்தியே மாற்றுதல் வேண்டும்.

எப்போது? எந்த எண்ணெய்?

ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது பழைய வழக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் அதனினும் நீண்ட தூரம் தாங்குவன. சரியான கால அளவைக் கூறுவது காரோடு வந்த கையேடே. எண்ணெயின் வகையையும் அளவையும் அதிலேயே காணலாம். எடுத்துக்காட்டாக, நாம் ஓட்டிய 2009ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் 1.8 லீற்றர் இயந்திரத்துக்கு, வடிகட்டியும் மாற்றினால், 3.7 லீற்றர் 5 டபிள்யூ-20 எண்ணெய் வேண்டும்.

இக்குறியீட்டின் பொருளை மாணவர்கள் அறிதல் நன்று. ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருப்பின், கடுங்குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும். 5 டபிள்யூ எண்ணெய் −30 பாகை செல்சியசிலும், 0 டபிள்யூ எண்ணெய் −35 பாகையிலும் இதற்கெனச் சோதிக்கப்படுகின்றன. பின்னுள்ள எண், இயந்திரம் சூடேறிய நிலையில் எண்ணெயின் தடிப்பைக் காட்டுவது.

முதலில் உயிர்க்காப்பு

ஜக்கினால் மட்டும் உயர்த்தி நிறுத்திய காரின் கீழ் எவரும் ஒருபோதும் புகுதல் ஆகாது. ஜக் என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அன்று. சமதளமான கெட்டித் தரையில் காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கையேடு காட்டும் இடங்களில் உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்துக. முன்சில்லுகளை ஏற்றி நிறுத்தும் சரிவுமேடைகளும் உகந்தனவே. காரைக் கையால் அசைத்துப் பார்த்து, அது அசையாது நிற்பதை உறுதிசெய்த பின்னரே பெரியவர் ஒருவர் கீழே செல்லலாம். பிள்ளைகள் வெளியே நின்று கருவி எடுத்துக் கொடுக்கட்டும். பழைய எண்ணெய் தோலுக்குத் தீங்கானது, கையுறை அணிக.

முதலாவது முறை: கீழிருந்து வடித்தல்

இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துக. இளஞ்சூடான எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு எளிதில் வடியும். நீண்ட ஓட்டம் ஓடிவந்த உடனே திறப்பின் கை வெந்துவிடும். காரை உயர்த்தி நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, கீழே அகன்ற பாத்திரம் வைத்து, எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகாணியை இடஞ்சுழியாகக் கழற்றுக. எண்ணெய் முற்றாக வடிந்தபின் புதிய வாசர் இட்டு, திருகாணியை முதலில் விரல்களால் வலஞ்சுழியாகத் திருகி, பின்னர் ஸ்பனரால் அளவோடு இறுக்குக. அளவுக்கு மீறினால் தொட்டியின் புரி அழிந்துவிடும்.

அடுத்து வடிகட்டி. பழையதைக் கழற்றியதும் அதன் இறப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா எனக் கட்டாயம் பார்க்க. புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் பூசி, கையாலேயே திருகுக. வளையம் முட்டியபின் எத்தனை சுற்று என்பது பெரும்பாலும் வடிகட்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். பல வடிகட்டிகளுக்கு அது முக்கால் சுற்று. கிண்ணத்தினுள் கடதாசி வடிகட்டி வைக்கும் கார்களில் கிண்ணத்தின் வளையத்தையும் மாற்றுதல் வேண்டும்.

குறித்த அளவிலும் சற்றுக் குறைவாக எண்ணெய் ஊற்றி, மூடியை மூடி, இயந்திரத்தை இயக்குக. எண்ணெய்ச் சிவப்பு விளக்கு ஓரிரு நொடிகளில் அணைதல் வேண்டும். அணையாவிடின் உடனே நிறுத்துக. ஒரு நிமிடம் ஓடிய பின் கீழே கசிவு உண்டா எனப் பார்க்க. இயந்திரத்தை நிறுத்திக் காரைச் சமதளத்தில் இறக்கி, ஐந்து நிமிடம் பொறுத்து, அளவுகோலை எடுத்துப் பார்த்துக் குறையை நிரப்புக. மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறே. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

நாம் செய்த பிழை

இறப்பர் வளையத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நாம் முதன்முறை இவ்வேலையைச் செய்தபோது, பழைய வளையம் இயந்திரத்திலேயே ஒட்டியிருந்ததைக் கவனியாது, அதன் மேலேயே புதிய வடிகட்டியைத் திருகிவிட்டோம். இருட்டிக்கொண்டு வந்தது, குளிரும் கூடியது, கசிவு பார்க்காமலே கருவிகளை எடுத்து வைத்துவிட்டோம். மறுநாட் காலை தமிழ்ப் பள்ளிக்குப் புறப்படக் காரை இயக்கி முன்றிலில் சற்றே பின்னெடுத்தோம். வாசலில் நின்ற எமது மகன், “அப்பா, நிற்பாட்டுங்கோ! பனியிலை கறுப்பாய்க் கோடு விழுது!” என்று கத்தினான். இறங்கிப் பார்த்தபோது, ஊற்றிய எண்ணெயிற் பெரும்பகுதி வெண்பனியிற் கிடந்தது. அவன் காணாதிருந்தால் நெடுஞ்சாலையில் இயந்திரம் இறுகி நின்றிருக்கும். அன்று முதல் கசிவு பார்க்கும் பொறுப்பு அவனுடையது. அவன் “சரி” என்று சொல்லும் வரை வேலை முடிந்ததாக நாம் கொள்வதில்லை.

இரண்டாவது முறை: மேலிருந்து உறிஞ்சுதல்

காரை உயர்த்த அஞ்சுவோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. அளவுகோல் செல்லும் குழாயினூடே மெல்லிய குழாயொன்றை அடிவரை செலுத்தி, கைப்பம்பியினால் இளஞ்சூடான எண்ணெயை உறிஞ்சி எடுப்பதே அது. வடிகட்டி மேற்புறத்தில் அமைந்த கார்களுக்கு இது மிகவும் வசதியானது. வடிகட்டி கீழே இருப்பின் எப்படியும் காரை உயர்த்தவே வேண்டும். குழாய் தொட்டியின் ஆழத்தை எட்டாவிடின் சிறிது பழைய எண்ணெயும் படிவும் எஞ்சும். எனவே உறிஞ்சிய எண்ணெயை அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிடுதல் நன்று.

வேலை முடிவது எப்போது?

புதிய எண்ணெய் ஊற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. ஒரு கலன் பழைய எண்ணெய் பத்து இலட்சம் கலன் நன்னீரை மாசாக்க வல்லது என அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எச்சரித்துள்ளது. ரொறன்ரோவில் தெருவோர மழைநீர் வடிகாலிற் கொட்டுவது ஆறுகளின் வழியே ஒன்ராறியோ ஏரியைச் சேரும். அந்த ஏரியின் நீரையே நாம் பருகுகின்றோம். பழைய எண்ணெயைக் கசியாத கலத்தில் மூடி, வேறெதனையும் கலவாது, மாநகரின் அபாயக் கழிவு சேர்க்கும் நிலையத்துக்குக் கொண்டு செல்க. வடிகட்டியையும் நன்கு வடியவிட்டு அங்கேயே கொடுக்கலாம். பழைய எண்ணெயை மீளச் சுத்திகரித்துப் புதிய எண்ணெயாக்க இயலும். அடுக்குமாடிகளில் வாழ்வோர், தரிப்பிடத்தில் இவ்வேலை செய்ய அனுமதி உண்டா என்பதை முன்னரே கேட்டறிக.

இறுதியாக ஒன்று. காரின் கையுறைப் பெட்டியில் சிறு கொப்பி ஒன்று வைத்து, திகதி, ஓடிய கிலோமீற்றர், எண்ணெயின் வகை, ஊற்றிய அளவு, வடிகட்டி, கசிவு பார்த்தவர் பெயர் ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு தமிழில் எழுதுவியுங்கள். எமது கொப்பியில் முதற் பக்கத்தில் ‘வடிகட்டி’ என்பது ‘வடிக்கட்டி’ என்று பிழையாக எழுதப்பட்டுள்ளது. அடுத்த பக்கத்தில் அது திருந்தியுள்ளது. இடஞ்சுழி, வலஞ்சுழி, திருகாணி, கசிவு ஆகிய சொற்களை எமது மகன் மனனஞ் செய்து கற்கவில்லை. கையில் எண்ணெய் படியக் கற்றான். நாளை அவன் வாங்கும் கார் மின்சாரத்தில் ஓடுவதாயின் அதற்கு இயந்திர எண்ணெயே தேவைப்படாது. ஆயினும், வேலையை முடித்தபின் குனிந்து ஒருமுறை பார்க்கும் பழக்கம் அவனுக்கு எந்நாளும் தேவைப்படும்.