கோணிய கோடுகள் கூறும் உண்மை

நுழையும்முன்

கண்ணில் தெரிவதை உள்ளவாறே தீட்டுவதுதான் ஓவியம் என்று பலரும் எண்ணுவர். நீண்டு மெலிந்த கைகளும் குழிவிழுந்த முகங்களும் அளவு மீறிய விழிகளும் கொண்ட மைக்கோட்டோவியத்தைக் காணும்போது, ‘இவருக்கு வரையத் தெரியாதோ?’ என்னும் ஐயம் எழுகிறது. ஓவியர் மனித உருவத்தை ஏன் சிதைத்து வரைகிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அளவும் உணர்வும்

தேவர்சோலையின் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணை ஒளிப்படக்கருவி பதிவுசெய்தால் உடலின் அளவுகள் பிழையின்றி அமையும். நாள்முழுதும் நின்று உழைத்த அயர்வை உணர்த்த விரும்பும் ஓவியரோ, அவர் முதுகை மலைச்சரிவைப்போல வளைக்கலாம். ஓயாது இயங்கும் விரல்களை உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக்கலாம். இங்கு உடலின் அளவு மாறுவது உழைப்பின் சுமையைக் காட்டுவதற்காகவே ஆகும்.

தோற்றத்தைவிட உணர்வை முதன்மைப்படுத்தும் இப்போக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. அதனை வெளிப்பாட்டியம் என்பர். எனினும், உருவத்தை உள்ளவாறு வரையாமல் சுருக்கியும் மாற்றியும் வரைவது மிகப் பழமையான வழக்கமாகும். நீலகிரியின் பாறை ஓவியங்களில்கூட மனித உருவங்கள் சில கோடுகளாலேயே காட்டப்பட்டுள்ளன.

மையின் இயல்பு

பென்சில் கோட்டை அழித்துத் திருத்தலாம். மைக்கோட்டை அவ்வாறு திருத்த இயலாது. பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும். விரைந்து இழுத்தால் மெலியும். தயங்கினால் மை தேங்கும். வரைந்த கையின் வேகமும் தயக்கமும் தாளில் அப்படியே தங்கிவிடுவதால், உள்ளத்தின் கொந்தளிப்பைக் காட்ட மை ஏற்ற கருவியாகிறது.

பஞ்சத்தின் சாட்சி

1943ஆம் ஆண்டு வங்கத்தைக் கொடிய பஞ்சம் தாக்கியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். ஓவியர் சித்தபிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தில் பயணம் செய்து, தாம் கண்டவற்றை எழுத்தாகவும் மையோவியங்களாகவும் பதிவுசெய்தார். ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவை நூலாக வெளிவந்தன. ஆங்கில அரசு அந்நூலின் படிகளைக் கைப்பற்றி அழித்தது. ஜைனுல் ஆபெதீனும் அதே காலத்தில் பஞ்சத்தில் வாடியோரைக் கறுப்பு மையால் வரைந்தார். விலா எலும்புகள் துருத்திய அவ்வுடல்களைப் பசியே சிதைத்திருந்தது. ஓவியர்களின் கோடுகள் அச்சிதைவை மறைக்காமல் காட்டின. அதனாலேயே ஆட்சியாளர் ஓவியத்துக்கு அஞ்சினர்.

சென்னையின் கோட்டோவியர்கள்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலம், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டையொட்டி அவரைப் பல நிலைகளில் கோட்டோவியங்களாகத் தீட்டினார். அடுத்து வரைந்த மன்னர் வரிசையிலோ அணிகலன்களும் ஆடம்பரமும் மிகுந்திருக்க, அவற்றைச் சுமக்கும் உடல்கள் சிதைந்து தோன்றுகின்றன. அதிகாரம் போனபின் எஞ்சிய வெறும் பகட்டை அச்சிதைவு எள்ளி நகையாடுகிறது.

கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்தவர் கே. இராமானுஜம். மனநோயால் துன்புற்ற அவர், நுண்ணிய மைக்கோடுகளால் கனவு மாளிகைகளையும் விந்தை உயிர்களையும் படைத்தார். தொப்பி அணிந்த தம் உருவத்தையும் அவற்றினிடையே வரைந்தார். 1973இல் இளம்வயதிலேயே மறைந்தார். நடைமுறை உலகில் இயல்பாகப் பொருந்த முடியாத ஒருவர் தமக்கென ஓர் இடத்தைக் கோடுகளால் அமைத்துக்கொண்டதை அவ்வோவியங்கள் உணர்த்துகின்றன.

காணும் முறை

இத்தகைய ஓவியத்தின்முன் நிற்கும்போது, ‘இது யாரைப்போல் இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எந்த உறுப்பு மிகைப்படுத்தப்பட்டுள்ளது, எது விடப்பட்டுள்ளது, கோடு எங்கே நடுங்குகிறது, எங்கே விரைகிறது என்று பார்த்தல் வேண்டும். அப்போதுதான் அவ்வுடலை வளைத்தது ஓவியரின் கையா, பசியா, உழைப்பா, தனிமையா என்பது புலப்படும். மனிதத் துன்பத்தைக் கண்டும் காணாமல் கடந்துசெல்லாதிருக்கக் கண்களைப் பழக்குவதே இவ்வோவியங்களின் பயனாகும்.