முள் நேராக நிற்கிறதா?

புதிதாக ஒரு தராசு வாங்கி வருகிறீர்கள். முதல் காரியமாக என்ன செய்வீர்கள்? தட்டு இரண்டும் காலியாக இருக்கும்போது முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பீர்கள், அல்லவா? முள் சாய்ந்திருந்தால், அப்புறம் எத்தனை கவனமாக நிறுத்தாலும் கணக்குத் தப்புத்தான். துப்பாக்கிக்கும் அப்படியே!

"துப்பாக்கியா? நமக்கெதற்கு அந்த வம்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஏர் ரைபிள் சுட்டுத் தங்கப் பதக்கம் வாங்கினார். நாளைக்கு உங்கள் வீட்டுப் பெண்ணே, "அம்மா, என் ரைபிளுக்கு ஒரு ஸ்கோப் வேண்டும்" என்று வந்து நிற்கலாம். அப்போது விழிக்காமல் இருக்க வேண்டாமா?

ஏர் ரைபிள், காற்றின் வேகத்தால் அரைக் கிராம் ஈயக் குண்டைத் தள்ளுகிற துப்பாக்கி. ஸ்கோப் என்பது அதன் மேல் பொருத்தும் சிறு தொலைநோக்கி. அதற்குள் ஒரு சிலுவைக் கோடு தெரியும். கோட்டை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சங்கடம்! ஸ்கோப் இருப்பது குழலுக்குச் சுமார் நாலு சென்டிமீட்டர் மேலே. கண் பார்ப்பது நேர்கோடு. குண்டோ, குழலை விட்ட கணத்திலிருந்தே பூமியை நோக்கித் தாழ்கிறது. இவ்விரண்டும் குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றையொன்று சந்திக்கும்படி செய்வதற்குத்தான் 'ஸீரோ' செய்வது என்று பெயர்.

முதலில் ஸ்கோப்பின் திருகாணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறும். ஏர் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப்தான் அதைத் தாங்கும். பிறகு, பின்னால் கெட்டியான தடுப்புள்ள இடத்தில், பத்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கை வைக்க வேண்டும். ரைபிளை மெத்தென்ற பையின் மேல் சாய்த்து, ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து குண்டுகள் சுட வேண்டும்.

முதல் குண்டு தள்ளி விழுந்ததுமே ஸ்கோப்பைத் திருகக் கை துறுதுறுக்கும். கூடவே கூடாது! ஒரு நாள் ரசத்தில் உப்புக் கரித்துவிட்டது என்பதற்காக மறுநாள் உப்பே போடாமல் விடுவோமா? ஐந்து குண்டுகளும் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். சிதறிக் கிடந்தால், குற்றம் திருகாணியிலோ சுடுகிறவர் கையிலோ இருக்கலாம். குறியைத் திருப்பிப் பயனில்லை. ஒரே இடத்தில் கூடியிருந்தால்தான் திருத்தலாம்.

மேலே உள்ள குமிழ் ஏற்ற இறக்கத்துக்கு. பக்கத்துக் குமிழ் இட வலத்துக்கு. பல ஸ்கோப்புகளில் குமிழின் ஒவ்வொரு 'கிளிக்'கும் பத்து மீட்டரில் குண்டைச் சுமார் 0.7 மில்லிமீட்டர் நகர்த்தும். இரண்டு சென்டிமீட்டர் கீழே விழுந்தால் ஏறக்குறைய 28 கிளிக். திருப்பியபின் மறுபடியும் ஐந்து குண்டு. நெருங்கி வந்ததும், வழக்கமாகச் சுடும் தூரத்துக்குப் போய் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு நிதானம் எதற்கு என்கிறீர்களா? 2008 ஆகஸ்டு 11-ந் தேதி, பீஜிங் ஒலிம்பிக்ஸ். முதல் சுற்றில் 600-க்கு 596 எடுத்திருந்தார் அபிநவ் பிந்த்ரா. ஒலிம்பிக்ஸில் ஸ்கோப் கிடையாது. சிறு துவாரத்தின் வழியேதான் குறி பார்க்க வேண்டும். ஆனாலும் திருத்தும் முறை இதே முறைதான். இறுதிச் சுற்றுக்கு முன் ஒத்திகைக் குண்டைச் சுட்டார். அது எங்கேயோ போய் விழுந்தது! முதல் சுற்றில் சரியாக இருந்த குறி எப்படியோ மாறியிருந்தது. கையில் இருந்ததோ சில நிமிஷங்கள்தாம். இருந்த அவகாசத்தில் குறியைத் திருத்திக்கொண்டு போட்டியில் இறங்கினார்.

கடைசிக் குண்டு பாக்கி. பின்லாந்து வீரரும் அவரும் சம புள்ளி. பின்லாந்துக்காரருக்கு 9.7. பிந்த்ராவுக்கு 10.8! ஒரு குண்டுக்கு உச்சப் புள்ளியே 10.9-தான். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

ஒரு வார்த்தை: குண்டு இல்லை என்று நினைக்கும் துப்பாக்கியைக்கூட எவர் பக்கமும் நீட்டக் கூடாது. பெரியவர் துணையின்றிக் குழந்தை கையில் கொடுக்கவும் கூடாது. குருவியும் அணிலும் இலக்கு அல்ல, காகிதமே இலக்கு.

மற்றபடி, பெண் ஸ்கோப் கேட்டால் தயங்காதீர்கள். "முதலில் முள்ளைப் பார், அப்புறம் நிறு" என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்குப் புரியும்!