உங்களுக்குத் தெரியுமா? – ஓய்வு பெறாத மென்பொருள்கள்

● அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவர் ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது மறுமுனையில் கணக்குப் பார்க்கும் புரோகிராம், அவரைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம். 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. இந்த வரிசையில் சிறிய இயந்திரத்துக்கு எழுதிய புரோகிராமைப் பெரிய இயந்திரத்திலும் ஓட்டலாம், திரும்ப எழுத வேண்டியதில்லை என்று வாக்குக் கொடுத்தது. இன்றைய மெயின்ஃப்ரேம் வரை அந்த வாக்கு காப்பாற்றப்பட்டு வருகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பழைய புரோகிராம்களை விட்டுவிடாமல் இருக்க முதல் காரணம் இதுதான்.

● வணிகக் கணக்குகளுக்கென்று 1959இல் ஒரு குழு வடிவமைக்கத் தொடங்கிய கணினி மொழி கோபால். கணினி தெரியாத மேலாளரும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் கட்டளைகளைச் சாதாரண ஆங்கில வாக்கியம் போலவே அமைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் மொழி இதற்கு முன்னோடி. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் மட்டும் சுமார் 6 கோடி வரி கோபால் புரோகிராம் இருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன்னிலையில் கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று வேண்டுகோள் விடுத்தார்.

● அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகளை ஒருங்கிணைக்கும் கணினி அமைப்பில் 8 அங்குல ஃபிளாப்பி தகடுகள் இருந்ததை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2016இல் வெளியிட்டது. 2019இல்தான் அவை மாற்றப்பட்டன.

● பயன்பாட்டில் இருக்கும் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே விட்டால், அதில் ஒரு எழுத்தும் கெடாவிட்டாலும், அதன் பயன் ஆண்டுக்காண்டு குறையும். ஐபிஎம்மின் இயங்குதளம் வளர்ந்த விதத்தை ஆராய்ந்த மெயர் லேமன் 1970களில் வகுத்த விதி இது. மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள சட்டமும் வரியும் வாடிக்கையாளரும்தான் மாறிவிடுகிறார்கள்.

● ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு பழைய புரோகிராம் துண்டு, நீக்கப்படாமல் சர்வர்களில் கிடந்தது. புதிய வசதியைச் சேர்த்தவர்கள், அந்தப் பழைய துண்டை இயக்கிவந்த அதே குறியீட்டைப் புதியதற்கும் பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய புரோகிராம் ஏறியது. எட்டாவதில் பழையது விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. சில மாதங்களில் அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைய ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வேண்டாததை வேண்டாதபோதே நீக்குவதும் நவீனப்படுத்துதலில் பாதி வேலை என்பேன். அதற்குப் பட்ஜெட் ஒதுக்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு.

● பழையது நன்றாக ஓடியது என்பதற்காக அதை அப்படியே புதிய இடத்தில் பொருத்துவதும் ஆபத்து. ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று புறப்பட்டு 40 வினாடிகளுக்குள் சிதறியது. ஏரியன்-4இல் குறையில்லாமல் வேலை செய்த மென்பொருள் பகுதி ஒன்றை இதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம்; அதைச் சார்ந்த ஓர் எண், 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. அந்தக் கணக்கு, ஏரியன்-5 தரையைவிட்டுக் கிளம்பிய பிறகு தேவைப்படவே இல்லை என்பதுதான் கொடுமை.

● இனி, மாற்றத் துணிந்தவர்களின் கதை. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாய்ட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்த பின்னும் லாய்ட்ஸின் கணினி அமைப்பையே கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வந்தது. 2015இல் ஸ்பெயினின் சபடெல் வங்கி அதை வாங்கியது. தன்னுடைய மென்பொருளை பிரிட்டனுக்கேற்ப மாற்றியமைத்து, 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை அதற்கு மாற்றியது.

தரவு ஒழுங்காகவே இடம் மாறியது. ஆனால் மக்கள் உள்ளே நுழையத் தொடங்கியதும் அமைப்பால் தாங்க முடியவில்லை. ஏறக்குறைய 19 லட்சம் பேரால் இணையத்தில் கணக்கைத் திறக்க முடியாமல் போனது. சிலருக்கு வேறு யாரோ ஒருவரின் கணக்கு திரையில் தெரிந்தது. நிலைமை முழுமையாகச் சீராக டிசம்பர் ஆகிவிட்டது. செலவு 33 கோடி பவுண்ட். தலைமை நிர்வாகி செப்டம்பரிலேயே பதவி விலகினார். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.865 கோடி பவுண்ட் அபராதம் விதித்தன. அதற்கு முன்பே நடந்த சுயேச்சையான விசாரணையில் வெளிவந்த செய்தி ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை: வங்கிக்கு இரண்டு தரவு மையங்கள் இருந்தன, சுமை தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டுமே செய்திருந்தார்கள்.

● சம்பளப் பட்டியல் எளிமையான வேலை என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறையைக் கேட்க வேண்டும். 2010 மார்ச்சில் புதிய சம்பள மென்பொருள் ஓடத் தொடங்கியதும் செவிலியர்களும் மருத்துவமனை ஊழியர்களும் குறைந்த சம்பளம், கூடுதல் சம்பளம், சம்பளமே இல்லை என்ற நிலைக்கு ஆளானார்கள். இரவுப் பணி, விடுமுறைப் பணி, தொழிற்சங்க ஒப்பந்தங்கள், படிகள் என்று அங்கே சம்பளம் கணக்கிடும் வழிகள் சுமார் 24,000. பல பத்தாண்டுப் பேச்சுவார்த்தைகளின் பலன் அத்தனையும் அந்தக் கணக்குகளுக்குள் இருந்தது. மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிடப்பட்டது; 2013இல் விசாரணை ஆணையம் கடுமையான அறிக்கை கொடுத்தது. பழைய மென்பொருளைக் குப்பை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிலாளி பெற்ற உரிமைகள் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும் ஆவணம் அது. அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டால், மாதக் கடைசியில் ஒரு செவிலியரின் வீட்டில்தான் அடி விழும்.

● ஜெர்மனியின் லிடில் பேரங்காடி, ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் எஸ்ஏபி நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறும் திட்டத்தை 2018இல் கைவிட்டது. செலவு ஏறக்குறைய 50 கோடி யூரோ என்று செய்தி வந்தது. சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கு வைப்பது லிடிலின் வழக்கம். மென்பொருளோ விற்பனை விலையில் கணக்கு வைத்தது. நிறுவனம் தன் வழக்கத்தை மாற்ற மறுத்து, மென்பொருளை வளைக்க முயன்றது. இரண்டில் எதை மாற்றுவது என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

● 2000 பிறப்பதற்கு முன், ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்த புரோகிராம்களைத் திருத்தும் வேலையில்தான் சென்னையின் இளைஞர்கள் பலர் மென்பொருள் துறைக்குள் நுழைந்தார்கள். அமெரிக்க வங்கிகளின் பழைய கோபால் வரிகளை வாசித்து வாசித்தே அந்தத் தலைமுறை வங்கித் தொழிலையும் கற்றுக்கொண்டது.

● ஒரே இரவில் மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற ஒரு முறை உண்டு. குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில், வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, விழுதிறக்கி, கடைசியில் அந்த மரத்தின் இடத்தில் தானே நிற்கும் அத்தி இன மரங்களைப் பார்த்த மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபௌலர், 2004இல் இந்த முறைக்கு அம்மரத்தின் பெயரையே வைத்தார். பனையைச் சுற்றி ஆல் வளர்வதைப் பார்த்த நமக்கு இது உடனே புரியும். பழைய அமைப்பின் முன்னால் ஒரு வாசலை வைக்கிறார்கள். எல்லா வேலையும் அதன் வழியே போகிறது. முகவரி மாற்றம் போன்ற ஒரு சிறு வேலையை மட்டும் புதிய மென்பொருளுக்குத் திருப்புகிறார்கள். அது நிலைத்ததும் அடுத்த வேலை. தவறினால் அந்த ஒன்றை மட்டும் பழையதற்கே திருப்பிவிடலாம். திரும்பிப் போக வழி இல்லாத எந்தத் திட்டத்துக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கூடவே இன்னொரு காவல்: சில மாதங்கள் பழையதையும் புதியதையும் ஒரே தரவில் ஓட்டி, விடைகளை ஒப்பிடுவது. ஒரு பைசா வேறுபட்டாலும் காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் அந்தப் பைசாவுக்குள் யாரும் எழுதி வைக்காத ஒரு விதி இருக்கும்.

● ஜப்பானின் மிசுஹோ வங்கி, மூன்று வங்கிகள் இணைந்து உருவானது. 2002இலும் 2011இலும் பெரிய கணினிக் கோளாறுகள். பிறகு 40,000 கோடி யென்னுக்கு மேல் செலவழித்து மினோரி என்ற புதிய அமைப்பைக் கட்டி, ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, 2019 ஜூலையில் மாற்றி முடித்தது. மாற்றம் அமைதியாக நடந்தது. ஆனால் 2021 பிப்ரவரியில் 4,000க்கும் மேற்பட்ட ஏடிஎம்கள் நின்று, 5,000க்கும் அதிகமான அட்டைகளையும் பாஸ்புக்குகளையும் உள்ளே இழுத்துக்கொண்டன. திட்டம் முடிந்ததும், அமைப்பை அறிந்தவர்கள் பலரை வேறு வேலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாத, சொன்னதை மட்டும் செய்யும் பழக்கமே அடிப்படைக் காரணம் என்று அந்நாட்டு நிதிச் சேவை முகமை சுட்டிக்காட்டியது. உங்கள் அலுவலகத்திலும் பழைய புரோகிராமின் போக்கு ஒரே ஒரு மூத்தவருக்குத்தான் தெரியும் என்றால், அவர் ஓய்வு பெறுவதற்கு முன் ஓர் இளைஞரை அவர் அருகில் உட்கார வையுங்கள்.

● 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி, அதை 32 பிட் இடத்தில் சேமிக்கும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். அடுத்த வினாடியை அவை 1901 டிசம்பர் என்று கொள்ளும். இதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இன்று 20 ஆண்டு வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கியின் தவணைப் பட்டியல் அந்தத் தேதியைக் கடந்துதான் முடிகிறது. கடன், காப்பீடு, ஓய்வூதியம் கணக்கிடும் மென்பொருள் உங்கள் பொறுப்பில் இருந்தால், தேதிகள் எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றன என்று இந்த ஆண்டே பார்த்துவிடுங்கள்.