காலைச் சாப்பாடு மறக்கிறது, திருநெல்வேலி மறப்பதில்லை: ஏன்?

தாராவியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு அல்சைமர் நோய் வந்தால், காலையில் சாப்பிட்டது நினைவில் நிற்காது. பிறந்த திருநெல்வேலிக் கிராமத்தின் தெரு தெளிவாக இருக்கும். காரணம், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான் இந்நோய் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. பழைய நினைவுகள் மூளைப் புறணியில் பரவிக் கிடப்பதால் பிந்தியே அழிகின்றன. ஆக, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது பிடிவாதமல்ல. பதில் உள்ளே பதியவே இல்லை. "இப்பத்தானே சொன்னேன்" என்று கடிந்தால் வார்த்தை மறந்துபோகும், ஆனால் மனம் நொந்தது தங்கிவிடும். நிகழ்ச்சி மறந்தபின்னும் அது எழுப்பிய உணர்ச்சி நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

"வயசானா அப்படித்தான்" என்பார்கள். 2023இல் வெளியான இந்திய ஆய்வின் மதிப்பீட்டில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கே அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய் (டிமென்ஷியா). முதுமை மட்டுமே காரணமென்றால் எல்லாருக்கும் வந்திருக்க வேண்டும். "ஒரே அறையில் எல்லாரும் கூடவே இருக்கிறோமே, தனியாக என்ன பராமரிப்பு?" என்பது இன்னொரு வாதம். கூட இருப்பது வேறு, இரவெல்லாம் விழித்திருப்பது வேறு. நோய் மூளையின் உறக்கக் கடிகாரத்தையும் குலைக்கிறது. பொதுக் கழிப்பறைக்குச் சந்து வழியே நடக்க வேண்டிய வீட்டில் முதியவர் எழுந்தால் இன்னொருவரும் எழ வேண்டும். பெரும்பாலும் அது மகள் அல்லது மருமகள். தூக்கம் கெட்டால் பொறுமை குறையும், மனச்சோர்வு வரும். இது உடலின் இயல்பு. இதற்கு "மாமியாரைப் பார்க்கத் தெரியாதவள்" என்று பெயர் சூட்டுவது அநியாயம். மகன்களும் இரவு முறை எடுத்துக்கொள்ளட்டும். முதியவரை மருத்துவரிடம் காட்ட, தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. பராமரிப்பவரின் மனம் தளர்ந்தால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.