வானத்தில் இருந்து குதிக்கிறார்கள் 50 பேர்! வாலிபர்களை வளைத்துப் பிடித்த 'பிரீ பயர்'

திருவனந்தபுரத்தில் இருந்து விதுரா வழியாக மலை ஏறினால் சுமார் 60 கிலோ மீட்டரில் போனக்காடு வருகிறது. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். அகத்தியர் மலைக்குப் போகிறவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். மேலே பாழடைந்து கிடக்கும் பங்களாவில் பேய் உலாவுவதாக ஒரு கதை. அதைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் வரும் கூட்டமும் உண்டு.

பேயைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தத் தோட்டத்தில் உழைத்த தமிழர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தேயிலை ஆலை ஓய்ந்தது. சம்பளப் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பெரியவர்கள் லயத்து வீடுகளில் தங்கிவிட, பிள்ளைகள் பிழைப்பைத் தேடிக் கீழே இறங்கினார்கள்.

தோட்டத்தில் இருந்து இறங்கியவரானாலும் சரி, நாகர்கோவிலில் இருந்தோ தென்காசியில் இருந்தோ ரெயிலேறி வந்தவரானாலும் சரி, நகரத்தில் வாழ்க்கை ஒன்றுதான். ஓட்டலிலோ, துணிக்கடையிலோ, கட்டிட வேலையிலோ பகல் போய்விடும். ராத்திரி அறைக்குத் திரும்பினால் நாலு சுவர், ஒரு பாய், ஒரு செல்போன். அதுவும் விலை குறைந்த போன்.

அந்தப் போனில் ஓடுவதற்கென்றே வந்த ஆட்டம்தான் 'பிரீ பயர்'.

50 பேர், 10 நிமிடம்

சிங்கப்பூரின் 'கரீனா' நிறுவனம் 2017-ம் ஆண்டில் இதை வெளியிட்டது. 2019-ல் உலகத்திலேயே அதிகம் பேர் இறக்கிக்கொண்ட செல்போன் விளையாட்டு இதுதான்.

ஆட்டம் இப்படி: விமானத்தில் 50 பேர். கீழே ஒரு தீவு. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு குதிக்க வேண்டும். இறங்கிய இடத்தில் வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, தோட்டா, கவசம் பொறுக்க வேண்டும். பிறகு சுட வேண்டும். தீவைச் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையத்துக்கு வெளியே நின்றால் உயிர் குறையும். ஆகவே எங்கேயும் பதுங்கி இருக்க முடியாது. கடைசியில் மிஞ்சும் ஒருவருக்கோ, ஒரு குழுவுக்கோ 'பூயா!' என்று திரையில் வெற்றி முழக்கம் வரும். எல்லாம் சுமார் 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதே மாதிரியான 'பப்ஜி'யில் 100 பேர். ஒரு ஆட்டம் அரை மணி நேரம் இழுக்கும். போனும் கொஞ்சம் விலை கூடியதாக இருக்க வேண்டும். 'பிரீ பயர்' அப்படி அல்ல. 1 ஜி.பி. நினைவகம் உள்ள போனிலும் ஓடியது. டீ குடிக்கும் இடைவேளையில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். கூலி வேலைக்காரனுக்கு வசதியாக இருந்தது அதுதான்.

விட்டலாச்சார்யா வித்தை

நிஜமான யுத்தத்தை இதில் தேடினால் ஏமாற்றம்தான். விட்டலாச்சார்யா படம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கையில் இருக்கும் குண்டை வீசினால் வெடிக்காது. எதிரே ஒரு சுவர் முளைக்கும்! அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காயத்துக்கு மருந்து போடலாம். ஒரு பாத்திரம் நடந்தால், சுற்றி இருக்கும் கூட்டாளிகளுக்கெல்லாம் உயிர் ஏறும். இன்னொரு பாத்திரம் எதிரியைச் சாய்த்த உடனே துப்பாக்கியில் தோட்டா தானாக நிரம்பும். இந்தப் பாத்திரத்தின் பெயர் 'ஜெய்'. இந்தி நடிகர் ஹிருத்திக் ரோஷனை வைத்து 2020-ல் உருவாக்கினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் கால்பந்து வீரர் ரொனால்டோவையும் இழுத்து வந்தார்கள். அவர் சாயலில் வந்த 'குரோனோ' சில விநாடிகளுக்கு ஒரு மாயக் கூண்டை எழுப்புவார். வெளியே இருந்து வரும் தோட்டா உள்ளே நுழையாது. உள்ளே இருப்பவரோ வெளியே சுடலாம்! பந்தை உதைக்கிறவருக்கு ஏன் இந்தக் கூண்டு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் 'இது என்ன நியாயம்?' என்று ஆடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள். பின்னர் கம்பெனி அந்தச் சக்தியைக் குறைத்தது.

இத்தனை கோமாளித்தனத்திலும் ஒரு ருசி இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆட்டம் வேகம். தோற்றாலும் வருத்தப்பட நேரம் இல்லை. அடுத்த விமானம் தயார். நால்வர் குழுவாகச் சேர்ந்து, மைக்கில் பேசிக்கொண்டே ஆடலாம். ஒருவன் திருவனந்தபுரத்தில், இன்னொருவன் திருப்பூரில், மூன்றாமவன் துபாயில். 'டேய் மாப்ளே, பின்னால் வர்றான், சுவர் போடு!' என்று ராத்திரி 11 மணிக்கு அறையில் கேட்கும் தமிழ், பகல் முழுவதும் வேற்று மொழியில் பேசிக் களைத்தவனுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இதைத் தமிழில் வர்ணனை செய்து ஆடிக் காட்டும் யூ டியூப் சேனல்களுக்கும் பெரிய கூட்டம் சேர்ந்தது. வாலிபர்கள் துப்பாக்கிக்காக மட்டும் இதில் விழுந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது.

அப்போது 30 உயிர் இனாம்

40 வயதைத் தாண்டியவர்களுக்கு 'கான்ட்ரா' நினைவிருக்கும். 1987-ல் ஜப்பானின் 'கொனாமி' கம்பெனி போட்ட ஆட்டம். டெலிவிஷனோடு ஒரு பெட்டியை இணைத்து, கேசட்டைச் செருகி, அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார்கள். அதுவும் மிகைதான். சட்டை போடாத இரண்டு பேர் ஒரு ராணுவத்தையே அழித்து, கடைசியில் வேற்றுக்கிரகத்து ராட்சசனையும் சுடுவார்கள். ஒரு தோட்டா பட்டாலே உயிர் போகும். இருப்பது மூன்றே உயிர்.

ஆனால் ஒரு ரகசியம் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று வரிசையாகப் பொத்தானை அழுத்தினால் மூன்று உயிர் 30 உயிராகும். இந்த வரிசை தெரிந்த பையனுக்குத் தெருவில் தனி மரியாதை. அதற்கு அவன் காசு கொடுக்கவில்லை. இன்னொரு பையன் சொல்லிக் கொடுத்தான்.

'பிரீ பயர்' வந்தபோது அந்த இனாம் கடைக்குப் போய்விட்டது. ஆட்டம் இலவசம், சலுகைக்கு விலை.

வைரக் கடை

ஆட்டத்துக்குள் நாணயம் 'வைரம்'. 100 வைரம் சுமார் 80 ரூபாய் என்ற கணக்கில் விற்றார்கள். வைரம் இருந்தால் சட்டை வாங்கலாம், நடனம் வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். சட்டைதானே என்று விட்டுவிடலாம். துப்பாக்கிக்கு மாட்டும் வர்ண உறைதான் வில்லங்கம். சில உறைகளை மாட்டினால் துப்பாக்கி வேகமாகச் சுடும், அல்லது அடி பலமாக விழும். காசு போட்டவனும் போடாதவனும் ஒரே தீவில்தான் இறங்குகிறார்கள். ஆனால் கையில் இருப்பது ஒரே துப்பாக்கி அல்ல.

அதைவிட மோசம் சக்கரம் சுற்றுவது. நல்ல பொருளை நேராக விலை போட்டு விற்க மாட்டார்கள். 'அதிர்ஷ்டச் சக்கரம்' சுற்று, விழுந்தால் உனக்கு என்பார்கள். விழாது. இன்னொரு சுற்று. திருவிழாவில் மூன்று சீட்டுக்காரனிடம் ஏமாந்தவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள்.

புதிதாக வருகிறவன் முதல் சில ஆட்டங்களில் சுலபமாக ஜெயிப்பான். எதிரே நிற்பவர்களில் பலர் மனிதர்களே அல்ல, கம்ப்யூட்டர் ஆட்டும் பொம்மைகள். குறியும் பாதி தானாகவே எதிரி மீது போய் ஒட்டும். 'நாம் பெரிய ஆள்' என்ற எண்ணம் வந்த பிறகு, நிஜ ஆட்களுடன் மோத விடுவார்கள். அடி வாங்குவான். அப்போது வைரக் கடை கண்ணில் படும்.

ஆலுவாவில் நடந்தது

2020 ஜூன் 1-ந்தேதி கேரளத்தில் 'விக்டேர்ஸ்' டெலிவிஷன் மூலம் பாடம் தொடங்கியது. கொரோனா காலம். பாடத்துக்காக, கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் போன் வாங்கித் தந்த குடும்பங்கள் ஏராளம். பாடம் வந்த அதே போனில் ஆட்டமும் வந்தது.

மறு ஆண்டு ஆலுவாவில் ஒரு தாயின் வங்கிக் கணக்கில் இருந்து சுமார் 3 லட்சம் ரூபாய் காணாமல் போனது. யாரோ திருடிவிட்டார்கள் என்று போலீசில் புகார் கொடுத்தார். சைபர் போலீசார் துருவியபோது, 9-ம் வகுப்பு படிக்கும் சொந்த மகனே 'பிரீ பயர்' ஆட்டத்துக்கு அந்தப் பணத்தைக் கட்டியிருந்தது தெரிந்தது. ஒரே தடவையில் அல்ல. சிறு சிறு தொகையாகப் பல தடவை. அம்மாவின் போன், அம்மாவின் கணக்கு, ஓ.டி.பி. வருவதும் அதே போன். திருடனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

மாதம் 15 ஆயிரம் சம்பாதித்து, அதில் பாதியை ஊருக்கு அனுப்புகிற வீட்டில் 3 லட்சம் போக வேண்டாம். 3 ஆயிரம் போனாலே அந்த மாத அரிசிக்கு ஆபத்து.

தடை வந்தது, ஆட்டம் நிற்கவில்லை

2020 செப்டம்பர் 2-ந்தேதி 'பப்ஜி'யை மத்திய அரசு தடை செய்தது. அதன் கூட்டம் 'பிரீ பயர்' பக்கம் சாய்ந்தது. 2022 பிப்ரவரி 14-ந்தேதி தடை செய்த 54 செயலிகளில் இதையும் சேர்த்தார்கள். காரணம் பிள்ளைகளின் படிப்போ, தாய்மாரின் பணமோ அல்ல, தேசப் பாதுகாப்பு. அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் கரீனாவின் தாய்க் கம்பெனி பங்கு ஒரே நாளில் சுமார் 18 சதவீதம் சரிந்தது. இந்தியப் பையன்கள் அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு முக்கியம் என்பது அன்று தெரிந்தது.

ஆனால் 2021-ல் வந்த 'பிரீ பயர் மேக்ஸ்' அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. அதே தீவு, அதே வைரம், கொஞ்சம் பளபளப்பு அதிகம். கூட்டம் அதற்கு மாறிக்கொண்டது. 2023 செப்டம்பரில் 'பிரீ பயர் இந்தியா' வருவதாக, கிரிக்கெட் வீரர் டோனியை விளம்பரத் தூதராக வைத்து அறிவித்தார்கள். தேதி நெருங்கியபோது தள்ளிப் போட்டார்கள்.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு அது தடை போட்டது. ரம்மிக்காரர்கள் கடையைக் கட்டினார்கள். 'பிரீ பயர்' அந்த வகையில் சேராது. இதில் பணம் உள்ளேதான் போகும். ஜெயித்தவனுக்கும் திரும்பி வராது.

பிள்ளை போனை விட மாட்டேன் என்று அடம் பிடித்தால், கேரள போலீசார் 2023-ல் திருவனந்தபுரம் உள்ளிட்ட நகரங்களில் தொடங்கிய 'டி-டாட்' மையங்களில் ஆலோசனை கேட்கலாம். கட்டணம் இல்லை.

பணத்தைக் காப்பாற்ற ஆலோசனை மையம் வரை போக வேண்டியதில்லை. போனில் உள்ள 'பிளே ஸ்டோர்' அமைப்பில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். ஏ.டி.எம். கார்டு எண்ணைப் போனில் சேமித்து வைத்திருந்தால் அழித்துவிடலாம். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளை எதிரில் அழுத்தாமல் இருக்கலாம். வீட்டில் பழைய போன் ஒன்று மூலையில் கிடந்தால், ஆட்டத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் கார்டைத் தகப்பனார் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.